பல்லைப் பிடிச்சுப் பாரு மாப்ளே

பழைய டிராக்டர் வாங்கப் போறியாமே மாப்ளே? காப்பார் மார்க்கெட்ல மீன் வெட்டுறவனுக்கே தெரிஞ்சிருக்கு. சொந்தத் தாய்மாமன் எனக்குத்தான் சேதி கடைசியா வந்து சேந்துச்சு. பரவால்ல. அஞ்சு ஏக்கர் செம்பனைக்கு முதலாளி ஆனவரு தாய்மாமன்கிட்ட கேட்டுத்தான் எதையும் செய்யணும்னு சட்டமா இருக்கு? கேக்காமலே யோசனை சொல்றதுக்குத்தான் ஆண்டவன் தாய்மாமன்னு ஒருத்தனைப் படைச்சான். உக்காரு. கோப்பி ஆறும், ஆறட்டும்.

முதல்ல கணக்கு. நீ காலேஜுல கணக்குப் படிச்சவன், நான் விடியக்காலைப் பெரட்டுல நின்னு பேர் குடுத்தவன். அதனால நான் போடுறேன், நீ தப்பு கண்டுபிடி. நம்ம நாட்டுல ஒரு ஹெக்டர் செம்பனை வருஷத்துக்கு சராசரியா 16, 17 டன் குலை குடுக்குது. உன் அஞ்சு ஏக்கர் ரெண்டு ஹெக்டர். நீ உரமும் போட்டு, மட்டையும் கழிச்சு, பாரிட்டுல தண்ணி தேங்காமப் பாத்துக்கிட்டா வருஷத்துக்கு 33 டன்னு வையி. ரெண்டு வாரத்துக்கு ஒரு வெட்டு, வருஷத்துக்கு 26 வெட்டு. ஒரு வெட்டுக்கு டன்னேகால். டிரெய்லருக்கு ஒரு நடை. அதாவது, நீ ஆயிரக்கணக்குல வெள்ளியைக் கொட்டி வாங்கப் போற அந்த மகாராசா மாசத்துல ரெண்டு காலைப்பொழுது வேலை செய்வாரு. மிச்ச 28 நாளும் கொட்டாயில நிழல்ல நிப்பாரு. சீட்டுல கோழி முட்டை போடும். முட்டையையும் வரவுல சேத்துக்க, கணக்கு அப்பவாச்சும் கொஞ்சம் தேறும்.

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்னு பெரியவங்க டிராக்டரைக் கண்ணால பாக்கறதுக்கு முன்னாடியே சொல்லிட்டுப் போயிட்டாங்க. 1917-ல கோலசிலாங்கூர் பக்கம் தென்னமரம் தோட்டத்துல ஹென்றி ஃபோக்கோனியேன்னு ஒரு பிரெஞ்சு துரை நாட்டிலேயே முதல் முதலா வியாபாரத்துக்குன்னு செம்பனை நட்டாரு. அந்தக் காலத்துல குலை சுமந்த தோள் யாரோடதுன்னு நான் சொல்ல வேண்டியதில்ல. அப்புறம் ஒத்தச் சக்கர வண்டி வந்துச்சு. சில தோட்டத்துல எருமை வண்டி கட்டி இழுத்தாங்க. எருமைக்கு ஸ்பேர் பார்ட்ஸ் கிடையாது, ரோட்டெக்ஸ் கிடையாது, பழசானாலும் சாணி போடும். உன் டிராக்டர் பழசானா ஆயில்தான் போடும், அதுவும் நடு முத்தத்துல.

செலவே இல்லாத வேலைக்காரன் உன் தோட்டத்துல ஏற்கெனவே இருக்கான், தெரியுமா? 1981-ல கேமரூன்லேர்ந்து ஒரு சின்ன வண்டைக் கொண்டாந்து நம்ம தோட்டங்கள்ல விட்டாங்க. அதுக்கு முன்னாடி காய் பிடிக்கணும்னா ஆளு போய்க் கையால மகரந்தம் தூவணும். அந்த வேலையை இப்ப அந்த வண்டுதான் பாக்குது. லெவி கட்ட வேண்டாம், பெர்மிட்டு புதுப்பிக்க வேண்டாம், ஞாயித்துக்கிழமை லீவும் கேக்காது. அது மாதிரி ஒண்ணு குலை தூக்கவும் கிடைச்சா எனக்கும் சொல்லு. அது வரைக்கும் ஒரு டன்னுக்கு இவ்வளவுன்னு கூலி பேசி, டிராக்டர் வச்சிருக்கிறவனைக் கூப்பிடுறதுதான் அஞ்சு ஏக்கர்காரனுக்கு அழகு.

சொல்லிட்டேன். நீ கேக்க மாட்டே, அதுவும் தெரியும். போன வாரம் ஒரு மஞ்சள் டயர் ரிம்மைப் போன்ல காட்டுன பாரு, உன் மகள் பொறந்தப்பகூட உன் மூஞ்சியில அவ்வளவு சிரிப்பை நான் பாக்கல. அதனால வாங்காதேன்னு சொல்லி என் தொண்டையை வறட்டிக்க மாட்டேன். ஏமாறாம வாங்கறது எப்படின்னு சொல்றேன்.

ஒண்ணை மட்டும் மனசுல எழுதி வச்சுக்க. பழைய டிராக்டர் வாங்குறவன் இரும்பை மட்டும் வாங்கறதில்ல. முன்ன வச்சிருந்தவனோட பழக்கத்தையும் சேத்து வாங்குறான். அவன் சோம்பேறியா, கஞ்சனா, குடிச்சிட்டு ஓட்டினவனா, எல்லாம் அதுலயே எழுதியிருக்கு. படிக்கத் தெரியணும், அவ்வளவுதான். தானம் குடுத்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பாக்கக் கூடாதும்பாங்க. இது தானமில்ல மாப்ளே, காசு. கியர் பல்லு வரைக்கும் பாரு.

செகண்ட் ஹேண்டுன்னா கேவலம்னு நினைக்காதே. இதே அஞ்சாம் நம்பர் ரோட்டுல வடக்கே செக்கிஞ்சான் வரைக்கும் போய்ப் பாரு. நெல்லு அறுக்கிற பெரிய மெஷினுங்க நிக்கும். அதுல கிளேசன்னு பேர் எழுதின பழசுங்க பெல்ஜியத்துல செடெல்கெம்ங்கிற ஊர்ல செஞ்சது. வெள்ளைக்காரன் வயல்ல கோதுமை அறுத்து ஓஞ்சு போனதைக் கப்பல்ல ஏத்திக் கொண்டாந்து, பிரிச்சு மேஞ்சு, சேத்துல புதையாம இருக்கச் சங்கிலிப் பட்டை மாட்டி, இங்க நெல்லு அறுக்க விட்டாங்க. அந்த ஊருக்குக் கிழவன், இந்த ஊருக்குக் குமரன். ஆனா ஒரு வித்தியாசம். அதை வாங்கினவங்க சீசன்ல ஊரு வயலெல்லாம் அறுத்துக் காசு பாத்தாங்க. தன் வயலுக்கு மட்டும்னு யாரும் வாங்கல. இதை மடிச்சு மடியில வச்சுக்க, கடைசியில கேப்பேன்.

பழைய டிராக்டர் எப்ப சந்தைக்கு வரும்? முதலாளிக்கு வயித்தைக் கலக்கும்போது வரும். 2022 மார்ச்சுல ஒரு டன் செம்பனை எண்ணெய் 7,000 வெள்ளியைத் தாண்டுச்சு. தோட்டம் வச்சிருந்தவனெல்லாம் நெஞ்சை நிமித்திக்கிட்டு நடந்தான். அதே வருஷம் ஜூலையில 4,000-க்கும் கீழ வந்துச்சு. நிமித்தின நெஞ்சு இறங்குச்சு. இந்த மாதிரி ஏத்தத்துல கடன் வச்சு வாங்கினது எல்லாம் இறக்கத்துல விலைக்கு வரும். விலை ஏறும்போது புதுசு வாங்குறவனைப் பாத்துக்கிட்டே இரு. இறங்கும்போது அவன் வீட்டுக் கொட்டாய்ப் பக்கம் சும்மா நடந்து போ.

இனி, எந்த டிராக்டர்? நம்ம பக்கம் மாஸி பெர்குசன் பழசுங்க இன்னும் ஓடுது. 135-ன்னு ஒரு மாடல், 1964 கடைசியில வெளிய வந்தது. பேரைப் பாத்து 135 குதிரைன்னு நினைச்சுராதே. குதிரை கிட்டத்தட்ட 45, மிச்சம் 90-ம் பேர்ல மட்டும்தான் இருக்கு. மூணு சிலிண்டர் பெர்கின்ஸ் டீசல் இஞ்சின், பிரிச்சா ஒரு மேசைக்குள்ள அடங்கிடும். உலகம் பூரா ஓடினதால சாமானும் கிடைக்கும். நம்ம சென்னையில 1960-ல ஆரம்பிச்ச டாஃபே கம்பெனியும் மாஸி டிராக்டர் செஞ்சதுதான். அதுக்காக மெட்ராசுக்குச் சேலை எடுக்கப் போற உன் அத்தைகிட்ட கிளட்ச் பிளேட்டு வாங்கிட்டு வரச் சொல்லாதே. இன்னொண்ணு ஜப்பான் ரிகோன் குபோத்தா. சின்னது, மரத்துக்கு மரம் நுழையும், அழகா இருக்கும். எந்த லிவர் எதுக்குன்னு எழுதினதெல்லாம் ஜப்பான் எழுத்துல இருக்கும். அந்த நாட்டுக்குன்னே செஞ்ச மாடலா இருந்தா இங்க விக்கிற மாடலோட சாமான் பொருந்தாமப் போகலாம். மாடல் நம்பரை எழுதிக்கிட்டு வந்து, சாமான் கடையில கேட்டுட்டு அப்புறம் காசைத் தொடு. குலை தூக்கற கை வச்ச கிராப்பர் வண்டியைப் பாத்து மயங்காதே. அந்தக் கையில எத்தனை மூட்டு இருக்கோ அத்தனை பின்னும் புஷ்ஷும் இருக்கு, அத்தனைக்கும் ஹைட்ராலிக் ஓஸ் ஓடுது. எனக்கு ஒரே ஒரு முழங்கால் மூட்டுதான் கெட்டிருக்கு. மாசாமாசம் ஆகற செலவு உனக்கே தெரியும்.

பாக்கப் போகும்போது இப்படிப் போ. சட்டைப் பையில ஒரு சின்ன காந்தம், கையில ஒரு வெள்ளைத் துணி, ஒரு டார்ச்சு, ஒரு அட்டைத் துண்டு. காலையில வர்றேன்னு சொல்லு. சொன்ன நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே போய் நில்லு. போனதும் வணக்கம் சொல்றதுக்கு முன்னால இஞ்சின் மேல கையை வை. சுட்டுச்சுன்னா விக்கிறவன் உனக்காக முன்னாடியே ஸ்டார்ட் பண்ணிப் பாத்திருக்கான். அவ்வளவு பாசத்துக்குக் காரணம், குளிர்ந்த இஞ்சின் அவனுக்கே கிளம்பாது. "ஆறட்டும்ணே, நான் கோப்பி குடிச்சிட்டு வர்றேன்"னு சொல்லிட்டு நகரு.

கிளம்பினதும் புகையைப் பாரு. முதல்ல ரெண்டு தும்மல் வெள்ளையா வந்தா மன்னிக்கலாம். சூடான பின்னாடியும் வெள்ளை வந்தா டீசல் சரியா எரியல, இல்ல தண்ணி உள்ள போகுது. நீலமா வந்தா ஆயிலைக் குடிக்குது, மோதிரம் போச்சுன்னு அர்த்தம். ரிங்கைச் சொல்றேன், உன் கல்யாண மோதிரத்தைச் சொல்லல, அது அப்புறம் போகும். கறுப்பா வந்தா காத்து ஃபில்டர் அடைச்சிருக்கும், இல்ல நோசில்ல கோளாறு. மூணுலயும் மலிவு கறுப்புதான். அப்புறம் ஓடுற இஞ்சின்ல ஆயில் ஊத்துற மூடியைத் திற. புஸ்ஸு புஸ்ஸுன்னு மூச்சு வாங்கினா உள்ளே தேஞ்சிருக்கு. டிப்ஸ்டிக்கை வெள்ளைத் துணியில துடை. தே தாரிக் நிறத்துல இருந்தா ஆயிலும் தண்ணியும் கல்யாணம் பண்ணிக்கிடுச்சு. அந்தக் கல்யாணச் செலவு உன் தலையில.

இஞ்சினைப் பாத்துட்டு எழுந்து வந்துடாதே. பின்பக்கத்துலதான் ரகசியம். மாஸியில கியருக்கும் தூக்குற ஹைட்ராலிக்குக்கும் ஒரே ஆயில்தான். அந்த டிப்ஸ்டிக்கையும் உருவிப் பாரு. நம்ம கிள்ளான் மழையில வருஷக்கணக்கா வெளிய கிடந்த வண்டியில கியர் லிவரோட ரப்பர் கிழிஞ்சிருந்தா தண்ணி நேரா உள்ளதான் போகும். அடியில டிரெயின் நட்டைக் கழட்டச் சொல்லு, மாட்டேம்பான். கழட்டினா காந்தத்தை விடு. மாவு மாதிரி ஒட்டினா வயசுக்கேத்த தேய்மானம். சில்லு சில்லா ஒட்டினா அது கியரோட பல்லு. பல்லைப் பாருன்னு சொன்னேனே, பாத்துட்டே. வீட்டுக்கு வா.

தூக்குற கையில எடையை மாட்டித் தூக்கு. இஞ்சினை நிறுத்து. பேசிக்கிட்டே ஓரக்கண்ணால பாரு. நிறுத்தின உடனே எடை மடமடன்னு இறங்குச்சுன்னா உள்ளே எங்கேயோ ஆயில் கசியுது. கிளட்சை அமுக்கிப் பாரு. இரட்டைக் கிளட்ச் வச்ச வண்டியில பாதி அமுக்கினா சக்கரம் நிக்கும், முழுசா அமுக்கினா பின்னாடி சுத்துற பிடிஓ ஷாஃப்ட்டும் நிக்கணும். நிக்கலைன்னா இஞ்சினையும் கியர்பாக்ஸையும் ரெண்டா பிளக்கற வேலை இருக்கு. விக்கிறவன் "லேசா டைட் பண்ணா போதும் அண்ணே"ம்பான். உலகத்துல எந்த விக்கிறவனுக்கும் லேசா டைட் பண்ணித் தீராத நோயே கிடையாது.

மீட்டர்ல 1,800 மணி நேரம்தான் ஓடியிருக்குன்னு காட்டுவான். மீட்டரைப் பாக்காதே, பிரேக் பெடலைப் பாரு. ரப்பர் போய், இரும்பு போய், ஓரம் கத்தியாட்டம் கூரா இருந்தா எந்தக் காலும் 1,800 மணி நேரத்துல அப்படித் தேய்க்காது. டிரெய்லர் பின் மாட்டுற ஓட்டை வட்டமா இருக்கா, முட்டை மாதிரி நீண்டிருக்கான்னு பாரு. நீண்டிருந்தா அளவுக்கு மேல சுமை இழுத்திருக்கு. கடைசியா குனிஞ்சு முன் ஆக்சில்ல கிரீஸ் நிப்பிளைத் தேடு. இந்த ஒண்ணுக்குத்தான் இவ்வளவு தூரம் போறே. நிப்பிள் தலை துடைச்சு, சுத்தி பழைய கிரீஸு வளையமா பிதுங்கி நின்னா, வச்சிருந்தவன் தன் பிள்ளைக்கு நேரத்துக்கு சோறு போட்டவன். நிப்பிள் மேலயே புது சிவப்புப் பெயிண்டு அடைச்சிருந்தா, அவன் கிரீஸ் துப்பாக்கியை வாழ்க்கையில தொட்டதில்ல. தொட்டதெல்லாம் பெயிண்டு பிரஷ்தான். பளபளன்னு மின்னுற டிராக்டரைப் பாத்தாலே எனக்கு உன் பெரியப்பா தலைக்கு அடிக்கிற சாயம்தான் ஞாபகத்துக்கு வரும். மறைக்க ஏதோ இருக்கு.

டயரையும் மறந்துடாதே. பின் டயர் ரெண்டும் மாத்துற விலையைக் கேட்டா பேரத்துல நீ சம்பாதிச்சதெல்லாம் காத்தாப் போயிரும். நம்ம காப்பார் கடலோரக் களிமண்ணு. வெயில்ல செங்கல்லு, மழையில அல்வா. டயர்ல பல்லு இல்லாம உள்ள போனா அன்னைக்கு ராத்திரி டிராக்டர் தோட்டத்துல, நீ நடையில. அதை இழுக்க இன்னொரு டிராக்டரைக் கூப்பிடணும். அவன் வாங்குற கூலியில ஒரு மாசம் குலை ஏத்தியிருக்கலாம்.

பேப்பர். இதுலதான் படிச்சவனெல்லாம் கோட்டை விடுறான். இஞ்சின் நம்பர், சேசிஸ் நம்பர் ரெண்டையும் கண்ணால பாத்து கிராண்ட்ல இருக்கறதோட ஒத்துப் பாரு. கடன் பாக்கி இருக்கா, ஜேபிஜே-ல யார் பேர்ல இருக்குன்னு கேளு. "தோட்டத்துக்குள்ளயே ஓடுனது, பதிவே பண்ணலை"ம்பான். உன் தோட்டத்துக்கும் பழம் எடுக்கிற ரேம்ப்புக்கும் நடுவுல அரசாங்க ரோடு இருக்குதா இல்லையா? ரோட்டுல சக்கரம் வச்சா பதிவு, ரோட்டெக்ஸ், இன்சூரன்ஸ், டிராக்டருக்குன்னு தனி லைசன்ஸ். உன் மைவி லைசன்ஸை நீட்டினா போலீஸ்காரரு சிரிப்பாரு, ஆனா எழுதிருவாரு.

எல்லாம் பாத்தாச்சுன்னா பேரம். பேசாதே. அதுதான் பேரம். பாத்த குறையை வரிசையா ஒரு தாள்ல எழுது, ஒவ்வொண்ணுக்கும் எதிர்ல ரிப்பேர் செலவை எழுது, கூட்டு, தாளை அவன் பக்கம் திருப்பி வை. அப்புறம் மரத்தைப் பாரு, மேகத்தைப் பாரு. பேசறவன் இறங்குவான். பேசி முடிச்சா எழுதி வாங்கு. கை குலுக்கினா போதும்னு சொல்றவன்கிட்ட ஒரு கதை சொல்லு. டிராக்டருக்குப் பின்னாடி தூக்குற கையைக் கண்டுபிடிச்ச ஹாரி பெர்குசன் 1938-ல அமெரிக்காவுல ஹென்றி ஃபோர்டுகிட்ட வெறும் கை குலுக்கித்தான் ஒப்பந்தம் பண்ணாரு. எழுத்துல ஒண்ணும் இல்ல. ஃபோர்டோட பேரன் காலத்துல அது முறிஞ்சு, கோர்ட்டுக்குப் போய், 1952-ல 92 லட்சத்து 50 ஆயிரம் டாலருக்கு முடிவாச்சு. அந்தப் பெரிய மனுசங்க கையே அப்படின்னா, உன் கை எந்த மூலைக்கு?

வாங்கிட்டே. வீட்டுக்கு வந்துடுச்சு. உடனே தெங்கு கிளானா தெருவுக்குப் போய் மாலை வாங்கிட்டு வந்து, சக்கரத்துக்கு அடியில எலுமிச்சம்பழம் வைப்பே. வையி. பழம் நசுங்கும், கண்ணு கழியும், கிளட்ச் மட்டும் அப்படியேதான் இருக்கும். அடுத்து நீ என்ன பண்ணுவேன்னும் தெரியும். பெயிண்டு அடிச்சு முன்னாடி "அம்மா துணை"ன்னு எழுதுவே. எழுது, தப்பில்ல. அம்மாவுக்கு வேலை வைக்காத மாதிரி முதல்ல ஆயிலை மாத்து.

ரிப்பேருக்கு ஒரு வரிசை இருக்கு. முதல்ல ஊத்துறது, அப்புறம் நிக்கிறது, அப்புறம் போறது, கடைசியில மினுக்கறது. ஊத்துறதுன்னா இஞ்சின் ஆயில், கியர் ஆயில், ரேடியேட்டர் தண்ணி, எல்லா ஃபில்டரும். டீசல் டேங்கைக் கழுவு; அடியில பழைய ஓனரோட பாவமெல்லாம் சேறா நிக்கும். ஃபில்டர் மாத்தினா லைன்ல காத்து நுழையும். காத்து எடுக்கிற ஸ்குரூவைத் தளர்த்தி, கையால பம்ப் அடிச்சு, நுரை நின்னு டீசல் சுத்தமா வழியற வரைக்கும் விடு. இதைப் பண்ணத் தெரியாம பேட்டரி சாகுற வரைக்கும் சாவியைத் திருகினவன் இந்த ஜில்லாவுல ஆயிரம் பேர். நிக்கிறதுன்னா பிரேக்கு. இடது பெடல் இடது சக்கரத்துக்கு, வலது வலதுக்கு. தோட்டத்துல வளைக்க நல்லா இருக்கும். ரோட்டுக்கு ஏறும்போது ரெண்டையும் சேத்துப் பூட்டுற கொக்கி இருக்கா, வேலை செய்யுதான்னு பாரு. அஞ்சாம் நம்பர் ரோட்டுல கொள்கலன் லோரி வர்ற வேகத்துல நீ ஒரு சக்கரத்துக்கு மட்டும் பிரேக் போட்டா, என்னாகும்னு நான் சொல்லிக் காட்ட விரும்பல. போறதுன்னா கிளட்சும் கியரும். மினுக்கறதுன்னா உன் பெயிண்டு.

பட்டறை போமேனை நம்பு, ஆனா பக்கத்துலயே நில்லு. கழட்டின பழைய சாமானை ஒரு பக்கெட்டுல போட்டு வீட்டுக்குக் குடுத்துடச் சொல்லு. மாத்தினேன்னு சொல்ற பேரிங் உண்மையிலயே மாத்தினதா இருந்தா பழசு எங்கே? ஒரு நாள் வேலைம்பாரு. அது அவரு சொல்ற நாளு, நீ எண்ணுற நாளில்ல. நடுவுல தீபாவளி வந்துச்சுன்னா இன்னும் வசதி, அவருக்கு.

இப்ப சிரிப்பை ஒரு ஓரமா வையி. இதை மட்டும் சிரிக்காமக் கேளு. பின்னாடி சுத்துற பிடிஓ ஷாஃப்ட்டு நிமிஷத்துக்கு 540 சுத்து. நொடிக்கு 9. மேலே பிளாஸ்டிக் கவர் இல்லாம வித்தா, அந்தக் கவரை வாங்கி மாட்டாம ஸ்டார்ட் பண்ணாதே. கைலி கட்டிக்கிட்டுப் பக்கத்துல போகாதே. துணி நுனி மாட்டுச்சுன்னா, ஐயோன்னு நீ வாயைத் திறக்கறதுக்குள்ள அது பல சுத்து சுத்தியிருக்கும். எதாச்சும் அடைச்சுக்கிட்டா முதல்ல இஞ்சினை நிறுத்து, சாவியை எடுத்து மடியில கட்டு, அப்புறம் கையை விடு. ஹைட்ராலிக் ஓஸ்ல ஊசி முனையளவு ஓட்டை இருந்தா கையால தடவித் தேடாதே. அந்த அழுத்தத்துல ஆயில் தோலைத் துளைச்சு உள்ள போயிடும். உள்ள போனா ஊசி குத்தின அளவுதான் தெரியும், ஆனா கையையே எடுக்க வேண்டி வரலாம். உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடு. ஓட்டை தேடத்தான் அட்டைத் துண்டு கொண்டு போன்னு சொன்னேன். பழைய டிராக்டர்ல தலைக்கு மேல கவுந்தா தாங்குற கம்பி இருக்காது. நம்ம பக்கம் பாரிட்டுக் கரையெல்லாம் மழைக்கப்புறம் உள்ள இழுக்கும். கரையை விட்டுத் தள்ளியே ஓட்டு. மட்கார்டுல பிள்ளைகளை உக்கார வச்சுப் போட்டோ எடுக்காதே. எடுத்தா நான் வந்து உன் அம்மாகிட்ட சொல்ல மாட்டேன். நேரா உன் காதைத்தான் திருகுவேன்.

சரி, சிரிக்கலாம். மடியில ஒண்ணு வச்சிருந்தியே, எடு. செக்கிஞ்சான்காரன் ஊரு வயலெல்லாம் அறுத்தான்னு சொன்னேனே. அஞ்சு ஏக்கருக்கு டிராக்டர் நட்டம். முப்பது ஏக்கருக்கு? வெட்டின குலை 24 மணி நேரத்துக்குள்ள மில்லுக்குப் போகணும், வச்சா புளிப்பு ஏறும், தரம் போகும். ஜாலான் ஆக்கோப் பக்கம், மேரு பக்கம், தொழிற்சாலைச் சுவருக்கும் சுவருக்கும் நடுவுல நம்ம ஆளுங்க ரெண்டு ஏக்கர் மூணு ஏக்கர்னு பிடிச்சு வச்சிருக்காங்க. பிள்ளைங்க எல்லாம் ஷா ஆலம்ல ஏசியில. தூக்க ஆளில்லாம குலையைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கிற கிழவனுங்களைப் போய்ப் பாரு. டிராக்டர் வாங்கறதுக்கு முன்னாடியே பாரு. பத்துப் பேரு சரின்னா வாங்கு. ரெண்டு பேருதான் சரின்னா விட்டுடு. அடுத்தவங்க பழத்தை ஏத்துறதுக்கு என்ன லைசன்ஸ் வேணும்னு எம்பிஓபி ஆபீஸ்ல கேட்டுக்க. டீசல் விலையையும் கணக்குல சேரு. 2024 ஜூன் 10-ல ஒரே ராத்திரியில 2 வெள்ளி 15 காசுலேர்ந்து 3 வெள்ளி 35 காசுக்குப் போனது ஞாபகம் இருக்குல்ல? அதுக்குன்னு சின்னத் தோட்டக்காரங்களுக்கு மாசம் 200 வெள்ளி உதவி அறிவிச்சாங்க. தோட்டத்துக்கு மனு போட்டியா? போடலை. டயர் ரிம்முக்குக் கலர் மட்டும் பாத்துட்டே.

அந்தக் கிழவனுங்க யாருன்னு கேக்கறியா? பட்டியல் என்கிட்ட இருக்கு. ஒவ்வொருத்தன்கிட்டயும் நானே பேசி வச்சிருக்கேன், "என் மாப்ளே டிராக்டர் வாங்கப் போறான், கவலைப்படாதீங்க"ன்னு. நீ வாங்கற முடிவுக்கு வர்றதுக்கு முன்னாடியே பேசிட்டேன், அது வேற விஷயம். பட்டியல்ல முதல் பேரு என்னோடது. ரெண்டரை ஏக்கர், எல்லாம் பழுத்து உதிரி கொட்டிக் கிடக்கு. யோசனை சொன்னதுக்கு உன்கிட்ட நான் காசு கேக்கல. குலை ஏத்துறதுக்கு நீயும் என்கிட்ட கேக்காதே. சொந்தத்துக்குள்ள கணக்குப் பாத்தா நல்லாவா இருக்கும்?

சனிக்கிழமை காலையில வந்துரு. டிராக்டர் அமைஞ்சா டிராக்டரோட வா. அமையலைன்னா ஒத்தச் சக்கர வண்டியோட வா. எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்.